விரால் தூண்டில் வாங்கப் போகிறீர்களா?
ரப்பர் தவளைக்கு ஏற்ற கம்பைக் கட்டுப்படியாகும் விலையில் தேர்ந்தெடுப்பது எப்படி?



கண்மாயையும் ஊருணியையும் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கும் குழுக்களின் கூட்டங்களுக்குப் போகும்போது ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டோம். பாதியை விரால் தின்னுடுது. வலை போட்டா விரால் மட்டும் சிக்க மாட்டேங்குது. டவுன்ல ரப்பர் தவளை மாட்டிப் புடிக்கிற தூண்டில் விக்கிறாங்களாமே, அதுக்குச் சங்கத்துல கடன் எடுக்கலாமா?"

"தூண்டிலுக்கெல்லாம் கடனா?" என்று சிரிப்பவர்களும் உண்டு. சிரிக்க ஒன்றுமில்லை. ஆட்டுக்குட்டிக்கும் தையல் மிஷினுக்கும் கடன் கொடுக்கிறோம். விரால் எந்த ஊரிலும் கட்லாவைவிடக் கூடுதல் விலைக்குப் போகிற மீன். தூண்டிலும் ஒரு தொழில் கருவிதான். ஆனால் கருவி வாங்கும்போது மூன்று விஷயம் பார்க்க வேண்டும். அது செய்ய வேண்டிய வேலை என்ன, அந்த வேலைக்கு எவ்வளவு செலவு போதும், போட்ட பணம் எப்படித் திரும்பும். இந்த மூன்றையும் இந்த இதழில் பார்ப்போம்.

விரால் ஏன் வலைக்குத் தப்புகிறது?

விரால் திறந்த நீரில் கூட்டமாகத் திரியும் மீன் அல்ல. அல்லி, தாமரை, ஆகாயத்தாமரை, கோரை இவற்றின் அடியில் பதுங்கி இருக்கும். கண்மாய்க்குள் தண்ணீரில் நிற்கும் சீமைக் கருவேலமும் அதற்கு நல்ல மறைவு. அந்த இடங்களில் வலையை இழுக்க முடியாது. இழுத்தாலும் விரால் சேற்றில் புதைந்துகொள்ளும், அல்லது வலைக்கு மேலே துள்ளிப் போய்விடும். அதனால்தான் கோடையில் தண்ணீர் வற்றி மீன்பிடித் திருவிழா நடக்கும்போது ஊத்தாவும் கச்சாவும் கொண்டு இறங்குகிறவர்களுக்கு விரால் கிடைக்கிறது. தண்ணீர் நிறைந்து நிற்கும் மாதங்களில் அது நம் கைக்கு வருவதில்லை.

ஆனால் விராலுக்கு ஒரு குணம் உண்டு. அது செவுளால் மட்டும் மூச்சு விடுவதில்லை. மேலே வந்து காற்றையும் குடிக்கும். ஆகவே நீரின் மேல்மட்டத்தில் என்ன அசைகிறது என்று அது எப்போதும் கவனித்துக்கொண்டே இருக்கும். இலைமேல் தத்தும் தவளையைக் கண்டால் பாய்ந்து அடிக்கும்.

உயிர்த் தவளை வேண்டாம், ரப்பர் தவளை போதும்

முன்பு சின்னத் தவளையைப் பிடித்து முள்ளில் குத்தி மூங்கில் கழியில் கட்டி விரால் பிடிப்பார்கள். தவளை நம் வயலில் பூச்சியையும் கொசுவையும் தின்னும் கூலியில்லாத வேலையாள். தவளைகள் அழிந்து பூச்சி பெருகுகிறது என்பதால்தான் தவளைக்கால் ஏற்றுமதியை இந்திய அரசு 1987-ஆம் ஆண்டில் தடை செய்தது. ஒரு மீனுக்காக உயிர்த் தவளையைக் குத்த வேண்டிய அவசியம் இன்று இல்லை.

ரப்பர் தவளை உள்ளே காற்று நிறைந்தது. நீரில் மிதக்கும். இரண்டு முட்கள் மேல்நோக்கி முதுகோடு ஒட்டி இருக்கும். அதனால் இலையிலும் பாசியிலும் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும். விரால் வாயால் கவ்வி நசுக்கும்போதுதான் முட்கள் வெளியே வரும். கம்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது இந்த அமைப்புதான்.

கம்பு செய்ய வேண்டிய வேலைகள்

ரப்பர் தவளைக்கான கம்புக்கு மூன்று வேலை உண்டு.

முதல் வேலை, பத்துப் பதினைந்து கிராம் எடையுள்ள தவளையை இலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் குறி பார்த்து எறிவது. இதற்குக் கம்பின் நுனி கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும்.

இரண்டாவது வேலை, விரால் கவ்வியதும் சுண்டி இழுத்து முள்ளை வாயில் ஏற்றுவது. விராலின் வாய் கடினமானது. நாம் இழுக்கும் இழுப்பு தவளையின் ரப்பர் உடம்பை நசுக்கி, முள்ளையும் குத்த வைக்க வேண்டும். கம்பு முழுவதும் சாட்டை மாதிரி வளைந்தால் நம் பலமெல்லாம் வளைவிலேயே போய்விடும். முள் ஏறாது.

மூன்றாவது வேலை, மாட்டிய மீனைப் புதருக்குள் நுழைய விடாமல் உடனே வெளியே இழுப்பது. ஒரு கிலோ விரால்தான் என்றாலும் அதோடு இரண்டு மூன்று கிலோ பாசியும் சேர்ந்து வரும்.

ஆகவே நுனி லேசாக வளைய வேண்டும், நடுவும் அடியும் விறைப்பாக நிற்க வேண்டும். இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்தாலும் இதை மறக்காதீர்கள். விலை கூடிய கம்பில் இது இல்லாமலும் இருக்கலாம், விலை குறைந்த கம்பில் இருக்கவும் செய்யலாம். தொட்டு, வளைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

கம்பின்மேல் எழுதியிருப்பதைப் படிப்பது எப்படி?

கைப்பிடிக்கு மேலே சிறிய எழுத்தில் சில விவரங்கள் அச்சிட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.

நீளம்: ஆறரை முதல் ஏழு அடி போதும். மீட்டரில் 2 முதல் 2.1 வரை. ஒன்பது, பத்து அடிக் கம்புகள் கடற்கரையில் நின்று எறிவதற்கானவை. கருவேல மரத்தடியில் அவற்றை வீச முடியாது.

பலம்: இதை எழுத்தால் குறிப்பார்கள். 'எம்' என்றால் நடுத்தரம். 'எம்.எச்.' என்றால் நடுத்தரத்துக்கு மேல். 'எச்' என்றால் பலமானது. 'எல்' என்றால் மெல்லியது. நமக்கு வேண்டியது 'எம்.எச்.' சீமைக் கருவேலமும் ஆகாயத்தாமரையும் அடைத்த கண்மாய் என்றால் 'எச்' வாங்கலாம். 'எல்' வேண்டாம்.

எறியும் எடை: 10 முதல் 30 கிராம் வரை என்று இருந்தால் ரப்பர் தவளைக்குச் சரி. 50 கிராமுக்கு மேல் தொடங்கும் கம்பில் நம் தவளை காலடியிலேயே விழும்.

சில விலை குறைந்த கம்புகளில் எதுவுமே எழுதியிருக்காது. அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. கீழே சொல்லும் சோதனைகளைச் செய்துவிட்டு முடிவெடுங்கள்.

கண்ணாடி இழையா, கார்பனா?

கண்ணாடி இழைக் கம்பு, அதாவது ஃபைபர் கம்பு, விலை குறைவு. கொஞ்சம் கனம். ஆனால் கீழே விழுந்தாலும் கல்லில் தட்டினாலும் சட்டென்று உடையாது. கார்பன் கம்பு எடை குறைவு, விறைப்பு அதிகம். நாள் முழுக்க எறிந்தாலும் கை வலிக்காது. ஆனால் பக்கவாட்டில் அடிபட்டால் கீறல் விழும், பிறகு மீன் மாட்டும் நேரத்தில் முறியும்.

குழுவுக்குப் பொதுவாக வாங்கி நான்கு பேர் கை மாறும் என்றால் ஃபைபர் கம்பே மேல். ஒருவரே பத்திரமாக வைத்துக்கொள்வார், விலையும் கட்டுப்படியாகும் என்றால் கார்பன் கலந்த கம்பு வாங்கலாம்.

ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கி முழ நீளத்துக்குச் சுருங்கும் கம்புகள் திருவிழாக் கடைகளில்கூடக் கிடைக்கின்றன. பஸ்ஸில் கொண்டு போக வசதிதான். ஆனால் மூட்டுகள் அதிகம். பாசியோடு விராலை இழுக்கும்போது விலை குறைந்த கம்பு அந்த மூட்டில்தான் விடும். இரண்டு துண்டாகக் கழற்றும் கம்பு பஸ்ஸுக்கும் ஆகும், விராலுக்கும் தாங்கும்.

ரீலும் நூலும்

கம்புக்குக் கீழே தொங்கும் ரீல், மேலே உட்காரும் ரீல் என இரண்டு வகை உண்டு. மேலே உட்காரும் ரீலில் கட்டைவிரலால் நூலை அடக்கப் பழக வேண்டும். பழகும் வரை நூல் குருவிக்கூடு போலச் சிக்கிக்கொள்ளும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கீழே தொங்கும் ரீலே நல்லது. 3000 அல்லது 4000 என்று எண் போட்ட அளவு போதும். இரண்டு வகைக்கும் கம்பு வேறு வேறு. எனவே ரீலையும் கம்பையும் ஒன்றாகப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

நூலில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் தங்கூஸ் இழுத்தால் நீளும். அப்படி நீண்டால் முள் ஏறாது. ரப்பர் தவளைக்குப் பின்னல் நூல் வேண்டும். கடையில் 'பிரெய்டு' என்று கேளுங்கள். 30 முதல் 40 பவுண்டு பலம் போதும். 30 பவுண்டு என்பது ஏறத்தாழ பதின்மூன்றரை கிலோ.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. கண்மாயில் நாம் எறியும் தூரம் 25, 30 மீட்டரைத் தாண்டாது. ரீலின் அடிப்பாதியைத் தங்கூஸால் நிரப்பிவிட்டு, மேலே 50 மீட்டர் பின்னல் நூல் சுற்றினால் போதும். பின்னல் நூல் ரீலில் வழுக்குவதையும் அடியில் உள்ள தங்கூஸ் தடுக்கும்.

கடையில் செய்ய வேண்டிய ஐந்து சோதனைகள்

1. வளைவு: நூலைக் கட்டி மறுமுனையைக் கூட வந்தவரிடம் பிடிக்கச் சொல்லி மெதுவாகத் தூக்குங்கள். நுனிப் பக்கம் மூன்றில் ஒரு பங்கு வளைய வேண்டும். அடிப்பக்கம் நேராக நிற்க வேண்டும்.

2. வளையங்கள்: ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சை விட்டு உருவுங்கள். பஞ்சு இழை பிடித்தால் உள்ளே கீறல் இருக்கிறது. அது நூலை அறுத்துவிடும். நுனி வளையத்தை முக்கியமாகப் பாருங்கள்.

3. பொருத்து: இரண்டு துண்டையும் பொருத்தி லேசாக ஆட்டுங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் வேண்டாம்.

4. ரீல் இருக்கை: ரீலை மாட்டித் திருகி இறுக்குங்கள். ரீல் ஆடக் கூடாது.

5. கை: ரீலோடு சேர்த்து ஐந்து நிமிடம் கையில் பிடித்து, எறிவது போல அசைத்துப் பாருங்கள். மணிக்கட்டு வலித்தால் அது உங்கள் கைக்கான கம்பு இல்லை. "ஆம்பளைங்க எல்லாம் இதைத்தான் வாங்குறாங்க" என்று கடைக்காரர் சொன்னால், "தூண்டில் போடப் போறது நான்தாங்க" என்று சொல்லுங்கள்.

மினுமினுப்பு, வண்ணம், பெட்டி இவற்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கையில் காசு இல்லையென்றால்?

முதலில் பழகிப் பார்க்க நினைப்பவர்களுக்கு மூங்கிலே போதும். பத்துப் பன்னிரண்டு அடி நீளத்தில் முற்றிக் காய்ந்த கழி, அதன் நுனியில் கழி நீளத்துக்கே பின்னல் நூல், ஒரு ரப்பர் தவளை. கரையில் நின்றபடி இலைகளின் இடைவெளியில் தவளையை வைத்துத் தத்தவிட வேண்டும். எட்டும் தூரம் குறைவு. ஆனால் விரால் கரையோரப் புதர்களிலும் இருக்கும். தவளைக்கும் நூலுக்கும் மட்டும்தான் செலவு. ஒரு மாதம் இப்படிப் பழகி, மீனும் கிடைத்து, ஆர்வமும் நிலைத்தால் பிறகு கம்புக்குக் கடன் கேட்கலாம்.

கடன் வாங்கும் முன் கணக்குப் போடுவோம்

இது ஓர் உதாரணக் கணக்கு. விலை கடைக்குக் கடை மாறும். இரண்டு கடையில் விசாரித்து உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள்.

கம்பு 1,200 ரூபாய்
ரீல் 1,000 ரூபாய்
பின்னல் நூல் 400 ரூபாய்
ரப்பர் தவளை இரண்டு 400 ரூபாய்
மொத்தம் 3,000 ரூபாய்

குழுவில் 3,000 ரூபாய் கடன் வாங்கி மாதம் 300 ரூபாய் அசலாகப் பத்து மாதத்தில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் முதல் மாதம் 30 ரூபாய், அடுத்த மாதம் 27 ரூபாய் என்று குறைந்துகொண்டே வரும். பத்து மாதத்துக்கும் மொத்த வட்டி 165 ரூபாய். ஆக, திரும்ப வர வேண்டியது 3,165 ரூபாய். விரால் கிலோ 300 ரூபாய்க்குப் போகும் என்று வைத்தால் பத்தரை கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக விற்க வேண்டும். மாதத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் தூண்டில் போட்ட நாளெல்லாம் மீன் கிடைக்காது. தண்ணீர் வற்றும் மாதங்களும் உண்டு. மழை பெய்து கண்மாய் பெருகும் சமயத்தில் கடன் வாங்கினால் தவணை கட்டச் சிரமம் இருக்காது. கண்மாயில் விரால் இருக்கிறதா என்பதே தெரியாமல் 8,000 ரூபாய், 10,000 ரூபாய் கம்பு வாங்குவது கடனை ஏற்றிக்கொள்வதுதான்.

பிடித்த விராலை உயிரோடு விற்றால் கூடுதல் விலை கிடைக்கும். கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே அது நெடுநேரம் உயிரோடு இருக்கும். ஆனால் துள்ளி வெளியே வந்துவிடும். அண்டாவில் போட்டு மேலே வலையோ துணியோ கட்டிவிடுங்கள்.

கடன் உங்கள் பெயரில், கம்பு யார் கையில்?

இதையும் பேசித்தான் ஆக வேண்டும். கடன் அம்மா பெயரில், தவணை கட்டுவது அம்மா, கம்பைத் தூக்கிக்கொண்டு போவது மகன், மீன் விற்ற காசு யார் கையில் என்பதே தெரியாது. வண்டிக் கடனிலும் செல்போன் கடனிலும் இப்படி நடந்ததை நாம் பார்த்திருக்கிறோம். மகனோ வீட்டுக்காரரோ தூண்டில் போடுவதில் தவறில்லை. ஆனால் கிலோ கணக்கும் விற்ற தொகையும் நோட்டில் ஏற வேண்டும். தவணைப் பணத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றச் செலவு.

நீங்களே தூண்டில் போடலாம். இது தோள்பலத்தை நம்பிய வேலை அல்ல. விரால் தவளையை அடித்ததும் பதறி இழுக்கக் கூடாது. மனதுக்குள் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி, அது கவ்விக்கொண்டு திரும்பும் நேரத்தில் சுண்ட வேண்டும். பிறகு நூலைத் தளர விடாமல் சுற்ற வேண்டும். பொறுமைதான் முக்கியம்.

கம்பைக் காப்பாற்றுவது எப்படி?

மீனைக் கம்பாலேயே தூக்கிக் கரையில் போடாதீர்கள். கம்பைச் செங்குத்தாக நிமிர்த்தினால் நுனி முறியும். மீனைக் கரைக்கு இழுத்து வந்து கைவலையாலோ சாக்காலோ அள்ளுங்கள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் துடைத்து, நிழலில் நேராகத் தொங்கவிடுங்கள். நூலின் முதல் ஒரு முழம் உராய்ந்து பிசிறு தட்டியிருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாக முடிச்சுப் போடுங்கள். வெட்டிய நூலைக் கண்மாயில் எறியாதீர்கள். கொக்கு, நாரையின் கால்களில் சுற்றிக்கொள்ளும்.

உயிர் முக்கியம்

மின்கம்பி போகும் இடத்தில் எந்தக் கம்பையும் வீசாதீர்கள். கார்பன் வழியே மின்சாரம் பாயும். ஈரமான ஃபைபர் கம்பும் ஆபத்துதான். இடி மின்னல் இருந்தால் கம்பைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு வந்துவிடுங்கள்.

தவளை புதரில் மாட்டிக்கொண்டால் நூலைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள். பின்னல் நூல் விரலை அறுக்கும். ஒரு குச்சியில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுங்கள். தவளை விடுபட்டு வேகமாக நம்மை நோக்கி வரும். அதை எடுப்பதற்காக ஆழம் தெரியாத இடத்தில் இறங்க வேண்டாம். 200 ரூபாய்த் தவளை போனால் போகட்டும்.

முள் உடம்பில் ஏறிவிட்டால் பிடுங்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். காலை, மாலை நேரங்களில் புதரோரம் பாம்பு இருக்கும். செருப்பில்லாமலும் தனியாகவும் போகாதீர்கள்.

அனுமதியும் குஞ்சுக் கூட்டமும்

மீன் பிடிக்கும் உரிமை யாரிடம் குத்தகைக்கு இருக்கிறதோ அவரிடம் கேட்காமல் தூண்டில் போடக் கூடாது. குழுவே குத்தகை எடுத்திருந்தாலும் யார், எந்த நாளில் பிடிப்பது, குழுவுக்கு என்ன பங்கு என்று தீர்மானம் எழுதிக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தில் செம்மஞ்சள் நிறத்தில் விரால் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். தவளை பக்கத்தில் விழுந்தால் பசி இல்லாவிட்டாலும் பாய்ந்து அடிக்கும். அப்போது பிடிப்பது சுலபம். ஆனால் பெரிய மீன் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். நாம் கெண்டைக் குஞ்சு விட்டு வளர்க்கும் கண்மாயில் விராலைக் குறைக்கத்தான் வேண்டும். வளர்ப்பு இல்லாத கண்மாயில் காவல் நிற்கும் விராலை விட்டுவிடுங்கள். அடுத்த வருசம் நமக்குக் கிடைக்கப் போவது அந்தக் குஞ்சுகள்தான்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

* நம் கண்மாயில் விரால் எந்தப் பக்கம் அதிகம் இருக்கிறது? யார் பார்த்திருக்கிறார்கள்?
* தனித்தனியாகக் கடன் வாங்குவதா, நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு கம்பு வாங்குவதா?
* பொதுக் கம்பு என்றால் யார் வீட்டில் இருக்கும்? உடைந்தால் செலவு யாருடையது?
* பிடித்த மீனின் எடையையும் விற்ற தொகையையும் எழுதும் நோட்டை யார் பராமரிப்பது?

இந்த நான்குக்கும் பதில் எழுதிய பிறகு கடைக்குப் போங்கள். போகும்போது கொஞ்சம் பஞ்சும், படிக்கத் தெரிந்த பிள்ளையும், கூட ஓர் உறுப்பினரும் இருக்கட்டும்.